உலகு கூப்பிடும் பெயர்

பாளையங்கோட்டைப் பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சியில் நின்றுகொண்டு உலகு, “அம்மா” என்று கூப்பிட்டாள். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எழுந்து போனவன் சிவசங்கரன். அவள் கூப்பிட்டது அவனைத்தான்.

உலகம்மை என்று பாபநாசத்து அம்மனின் பெயரை மகளுக்கு வைத்திருந்தார்கள். மூன்றரை வயது. பிறக்கும்போதே மேலுதடும் அதற்குப் பின்னால் அண்ணமும் பிளந்திருந்தன. உதட்டை ஆறாம் மாதத்தில் தைத்தாயிற்று. மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம். அண்ணம் அப்படியேதான் இருந்தது. வாய்க்குள் அடைபட வேண்டிய காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடும். அதனால் அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்து எதுவும் அவளுக்கு வராது. பால் என்றால் ‘மால்’. தாத்தா என்றால் ‘நான்னா’. அப்பா என்று சொல்லத்தான் உதட்டை ஒட்டுவாள். அம்மா என்றுதான் வெளியே வரும்.

“எனக்கு ஒரு அம்மா, உங்களுக்கு ஒரு அம்மா. ரெண்டும் ஒண்ணு இல்ல, அத்தான்” என்பாள் சங்கரி. “உங்களக் கூப்பிடையில மூக்குல லேசா ஒரு காத்துச் சத்தம் வரும், கவனிச்சியளா?”

சங்கரி அவனுடைய அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அத்தான்தான். அவள் சொன்னதற்காக அவன் கவனித்துக் கேட்டுப் பார்த்தான். வித்தியாசம் தெரியவில்லை. கூட வேலை பார்ப்பவரின் கைபேசியில் “அப்பா, எப்ப வாரிய?” என்று ஒரு பிள்ளைக் குரல் கேட்டுவிட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையில் அவன் கை கொஞ்ச நேரம் நின்றுவிடும். அதைச் சங்கரியிடம் அவன் சொன்னதில்லை.

சிவசங்கரன் மருந்தியல் படித்தவன். ஊரிலேயே ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில், ரத்தக் கசிவை நிறுத்தும் சவ்வு ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். தூத்துக்குடியிலிருந்து வரும் இறால் ஓட்டிலிருந்து பிரித்தெடுத்த பொருளில், வெங்காயத் தோல் கனத்தில் ஒரு சவ்வு. எச்சில் ஊறும் வாய்க்குள் காயத்தின்மேல் அது ஒட்ட வேண்டும். ஒட்டியபடியே இருக்க வேண்டும். உலகு பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஆராய்ச்சி அது. அவள் பிறந்தபின் அதை வெறும் ஆராய்ச்சியாக அவனால் பார்க்க முடியவில்லை.

உதட்டைத் தைத்த அன்று அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கும் அடுத்த நாள், வீட்டுக்கு வந்தபின், தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கழுத்துத் துணி சிவந்திருப்பதைச் சங்கரி பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் ஏற்றி, மறுபடி தைத்துப் பிழைக்க வைத்தார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனைகளில் எதுவும் தப்பாக இல்லை. எல்லாம் நார்மல் என்றார்கள். 

“தொப்புள்கொடி விழுந்தப்பவும் இப்படித்தான் நிக்காம கசிஞ்சிக்கிட்டே இருந்துது” என்றாள் சங்கரி.

அதைக் கேட்டதும் சிவசங்கரனுக்குப் பொறி தட்டியது. ரத்தம் உறைவது வேறு, உறைந்தது நிலைத்து நிற்பது வேறு. உறைந்த ரத்தத்தை இறுக்கிக் கட்டுவதற்கென்று பதிமூன்றாம் காரணி என்று ஒன்று உடம்பில் உண்டு. அது இல்லாதவர்களுக்கும் ரத்தம் ஒழுங்காகவே உறையும். ஓரிரு நாளில் தானாகக் கரைந்துவிடும். சாதாரணச் சோதனையில் அது சிக்காது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு குழாய்களில் யூரியாக் கரைசலை எடுத்து, ஒன்றில் தன் உறைகட்டியையும் மற்றதில் மகளுடையதையும் போட்டு வைத்தான். மறுநாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது அவனுடையது அடியில் வெளிறிய துண்டாக அப்படியே கிடந்தது. மகளின் குழாயில் கரைசல் மட்டுமே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காரணம் தெரிந்துவிட்டது என்ற நிம்மதிதான் அவனுக்கு முதலில் வந்தது. பிறகு அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டான். வேலூரில் செய்த சோதனையும் அதையே உறுதி செய்தது.

“சொந்தத்துல கட்டுனதாலயா, அத்தான்?” என்று கேட்டாள் சங்கரி.

“நம்ம ரெண்டு பேர்ட்டயும் பாதி பாதி குறை இருக்கு. நமக்கு அது ஒண்ணும் செய்யாது. அவளுக்கு ரெண்டு பாதியும் போய்ச் சேந்துட்டு. நாலு பிள்ளையில ஒண்ணுக்கு அப்படி வரும்.”

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாதாமாதம் ரத்த வங்கியிலிருந்து, அந்தக் காரணி அடங்கிய, உறைநிலையில் வரும் பிளாஸ்மாப் பையை வாங்கி ஏற்றினார்கள். பிள்ளை நன்றாக வளர்ந்தாள், ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். ஆனால் அண்ணத்தில் கத்தி வைக்க எந்த மருத்துவரும் துணியவில்லை. ரத்தம் மிகுந்த இடம்; கசிந்தால் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். ஒன்றரை வயதுக்குள் மூடினால்தான் பேச்சு சுலபமாகத் திருந்தும் என்பது அவனுக்குத் தெரியும். மதுரையில் கேட்டான், திருவனந்தபுரத்தில் கேட்டான். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்றே சொன்னார்கள். அவள் வளர வளர, தட்டில் வெட்டிப் போட்ட சவ்வுத் துண்டுகளைப் பார்த்து அவன் ஏங்கினான். இது மட்டும் நின்றுவிட்டால் போதும். தன் கையால் செய்த ஒன்று அவள் அண்ணத்தின்மேல் இருக்கும், அதன் அடியில் காயம் ஆறும், அந்த வாயிலிருந்து முதல் வார்த்தையாக எது வரும் என்பதுவரை அவன் நினைத்து வைத்திருந்தான்.

அந்த வருஷம் டாக்டர் மஹாலக்ஷ்மி ஊருக்குத் திரும்பி வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர். வடக்கே பல வருஷம் பிளவு அறுவை மட்டுமே செய்தவர். உலகின் வாயை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “செய்யலாம்” என்றார்.

சங்கரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் காரணியைச் சுத்தம் பண்ணின பொடியாவே தருவிக்க முடியும். முன்னாடியே ஏத்தி, ரத்தத்துல அளவு சரியா நிக்கறதான்னு பாத்துட்டுத்தான் கத்தியைத் தொடுவேன். ஒரு வாரம் இங்கேயே இருக்கணும். பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே தள்ளிப் போட்டா பேச்சு போயிடும்.”

சங்கரி பிள்ளையை வெளியே கூட்டிப் போனதும் சிவசங்கரன் பையிலிருந்து சிறிய கண்ணாடித் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். தன் சவ்வைப் பற்றியும், அதை முயல்களின் வாயில் வைத்துச் சோதித்துவருவதையும் சொன்னான். தைத்த இடத்தின்மேல் இதையும் வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்றான். டாக்டர் சவ்வைக் குறட்டால் தூக்கி, வளைத்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

“நன்னா பண்ணியிருக்கேள். முயல் வாயில எத்தனை நாள் நிக்கறது?”

“மூணு நாள்.”

“அப்புறம்?”

“ஓரத்துல கழண்டு வந்துட்டு.”

“உங்க பொண்ணுக்கு ரத்தம் கசியற நாளும் அதுதானே. அன்னிக்கு இது கழண்டு மூச்சுக்குழாய்ல போய் அடைச்சிண்டா நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ.”

அவன் குறட்டில் தொங்கிய சவ்வைப் பார்த்தான்.

“வேற ஒருத்தர் இதே மாதிரி ஒரு சவ்வைக் கொண்டுவந்து உங்க பொண்ணு வாயில வைக்கட்டுமான்னு கேட்டா?”

“வேண்டாம்னுதான் சொல்லுவேன்” என்றான். குரல் இறங்கியிருந்தது. தட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் அறுவை நடந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அவனும் சங்கரியும் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோதும் இருவருக்கும் முகம் தெளியவில்லை; அவர்கள் பயந்தது அடுத்தடுத்த நாள்களுக்கு. மூன்றாம் நாள், தூங்கிக்கொண்டிருந்த உலகின் கடைவாயில் செம்பழுப்பாக ஒரு இழை ஒழுகியது. சங்கரி “அத்தான்” என்றாள், அவ்வளவுதான். செவிலி ஓடி வந்தாள். டாக்டர் வந்து பஞ்சால் தொட்டுப் பார்த்தார். பழைய ரத்தம், எச்சிலோடு கரைந்து வந்தது. தையல் உலர்ந்து கிடந்தது. சிவசங்கரன் வராந்தாவுக்கு வந்தான். மழைத் தூவானம் முகத்தில் அடித்தது, துடைக்காமல் நின்றான்.

காயம் ஆறியது. பேச்சு தானாக வரவில்லை. அது தனி வேலை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரீபா, மேஜையில் பஞ்சு உருண்டையை வைத்து உலகை ஊதச் சொல்வாள். மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து, அதில் ஆவி படிகிறதா என்று காட்டுவாள். வாரக்கணக்கில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. தை பிறந்தபின் ஒரு நாள் கண்ணாடி தெளிவாக இருந்தது. பஞ்சு மேஜையைத் தாண்டி ஓடியது. அந்த வாரமே உலகு சொன்ன முதல் வார்த்தை பப்பாளி. பிறகு பஸ், பல்லி, பட்டம். தெருவில் போகிற எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள்.

அவனை மட்டும் அம்மா என்றே கூப்பிட்டாள்.

“சொல்லச் சொன்னாச் சொல்லுதா, சார்” என்றாள் ரீபா. “படத்தக் காட்டுனா அப்பான்னு அழகாச் சொல்லுதா. உங்களப் பாத்தாத்தான் அம்மாங்கா. பிழை இல்ல. அவளுக்கு அது உங்க பேரு. பைய வரட்டும்.”

சங்கரி வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். “விடு, அவ இஷ்டம்” என்றான் அவன். சொல்லிவிட்டுப் பின்வாசலுக்குப் போய், துவைத்த துணியை எடுப்பதுபோல் வெகுநேரம் கொடியருகில் நின்றான். காற்றை அடைக்க முடியாத காலத்தில் ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. படத்திலிருக்கும் யாரோ ஒருவன் அப்பா, தான் அதில்லை. நாலு வயதுப் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்று தன்னையே கடிந்துகொண்டான். கடிந்துகொண்டதால் எதிர்பார்ப்பு குறைந்துவிடவில்லை.

ஒரு சாயங்காலம் அவன் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தியபோது, உலகும் பக்கத்து வீட்டுக் கனியும் கேட்டைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். “அம்மா வந்தாச்சு” என்றாள் உலகு.

கனிக்கு ஆறு வயது. “இவுக அப்பால்லா? நீ ஏன் அம்மாங்க?” என்று கேட்டாள்.

உலகு கேட்டின்மேல் ஆடுவதை நிறுத்தினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். இதுவரை யாரும் தன்னிடம் சொல்லாத சங்கதியைக் கேட்டவள்போல் யோசித்தாள். பிறகு உதட்டை ஒட்டி, ரீபாவிடம் சொல்வதுபோல் நிதானமாக, “அப்பா” என்றாள். சரிதானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமா” என்றான் சிவசங்கரன். சாவியை எடுக்க மறந்து உள்ளே போனான். உள்ளே போனதும் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தண்ணீர் குடித்தான்.

அன்றிலிருந்து அப்பாதான். முதல் சில நாள்கள், பக்கத்து அறையில் இருந்துகொண்டு வேண்டுமென்றே பேசாமல் இருப்பான், அவள் தேடிக் கூப்பிடட்டும் என்று. கூப்பிடுவாள். அப்படி ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், பழைய கூப்பிடலில் இருந்த காற்றுச் சத்தம் அவன் காதில் பட்டது, இனி வராது என்று ஆனபிறகு. சங்கரி சொன்னது சரிதான். தனக்கென்று அந்தப் பிள்ளை ஒரு பெயர் வைத்திருந்தாள். இது என்ன ஆசை, ஒன்று வந்தால் போனது வேண்டும் என்று தோன்றுகிறதே என்று நினைத்துக்கொண்டான்.

மாசியில் பாபநாசம் போனார்கள். கோயிலில் கூட்டம் இல்லை. சந்நிதியில் பெயர் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டுப் படித்துறைக்கு இறங்கினார்கள். உலகு கீழ்ப்படியில் குந்தி, மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள். “பொரி. சொல்லு, பொரி” என்று மீனுக்குப் பாடம் நடந்தது.

“மீனுக்குப் பேசப் பழகிக் குடுக்கா, பாத்தியளா” என்றாள் சங்கரி.

அவன் சிரித்தான். ஆய்வுக்கூடத்தில் சவ்வு இப்போது ஐந்து நாள் நின்றது. மனிதருக்கு வர இன்னும் வருஷங்கள் ஆகும். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தான்.

“ஒரு தம்பி இருந்தா அவனுக்குச் சொல்லிக் குடுப்பா” என்றாள் அவள். ஆற்றைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். தெருவில் யார் யாரோ கேட்டும் தொட்டில் கம்பையும் பிள்ளைத் துணியையும் அவள் கொடுக்காமல் பரணில் வைத்திருந்தது அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரு வார்த்தைக்காக அவன் இத்தனை நாள் காத்துக் கிடந்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

“நாலுல ஒண்ணு, சங்கரி. ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்குத்தான்.”

“தெரியும். நீங்க அன்னைக்கே சொன்னிய. மிச்சம் மூணு இருக்குல்லா.”

“வயித்துல இருக்கும்போதே பாக்கதுக்கு வசதி இருக்கு.”

“பாத்து? இருக்குன்னு தெரிஞ்சா?” சங்கரி கீழ்ப்படியைப் பார்த்தாள். “இவளப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்ல எனக்கு வராது, அத்தான்.”

“எனக்கும் வராது” என்றான் அவன்.

மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. கீழே நாலைந்து பெரிய மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

“திங்கக்கிழமை டாக்டர்ட்டப் போவோம்” என்றான். “ரெண்டு பேரும் சேந்து போய்க் கேப்போம். அவுக என்ன சொல்லுதாகளோ கேட்டுட்டு வந்து, அப்புறம் நாம பேசுவோம்.”

அவள் தலையாட்டினாள். மடியில் மிச்சமிருந்த பொரியை அள்ளிக்கொண்டு உலகின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தனக்கும் அந்த ஆசை உண்டு, வாய்விட்டுச் சொல்லத்தான் பயம் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வழுக்கும் படிகளில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து அவனும் இறங்கினான்.