முப்பது நாள் அறிவிப்பு

வெடிச்சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முருகையன் கையிலிருந்த வக்காலத்துத் தாள் நழுவிக் கோந்து டப்பாவின் மேல் விழுந்தது. ஐயாயிரம் வாலா. திண்டிவனத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்து மாடி அறையில் இருபத்தெட்டு வருடமாக அவர் குமாஸ்தா. ஜாமீன் கிடைத்தவர்கள் வெடிப்பதுண்டு, ஆனால் இவ்வளவு நீளச் சரம் யாரும் போட்டதில்லை. புகை படியேறி உள்ளே வந்தது. கீழே மேளத்துக்கு நடுவே, "வருங்கால எம்.எல்.ஏ. சக்கரபாணி வாழ்க!" என்று கத்தினார்கள். வக்கீலை மயிலம் தொகுதி வேட்பாளராகக் கட்சி அறிவித்துவிட்டது.

பால்கனியில் நின்று கும்பிட்டுவிட்டு சக்கரபாணி உள்ளே வந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் வியர்வை.

"முருகையா, இன்னிக்குத் திங்கக்கிழமை. கெளம்பலியா?"

"இதோ, போய்க்கினே இருக்கேன் சார்."

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் டீக்கடை விருத்தாசலம் மறித்தார். "இன்னா முருகையன், சீனியரு எம்.எல்.ஏ. ஆயிட்டா நீ இன்னா, பி.ஏ.வா?"

"நான் அப்பவும் ஸ்டாம்பு ஒட்டிக்கினுதான் இருப்பேன். டீயைக் குடு, ஜல்தியா."

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு திங்களும் இதே வேலை. விழுப்புரத்தில் பதிவாளர் அலுவலகத்தின் பலகையைப் பார்த்து வர வேண்டும். மதம் விட்டு மதம் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் அங்கே மனு கொடுத்தால், இருவர் பெயரும் விலாசமும் முப்பது நாள் பலகையில் தொங்கும். யாரும் பார்க்கலாம், ஆட்சேபம் சொல்லலாம். முருகையன் அதைப் போட்டோ எடுத்து வல்லரசுவின் செல்லுக்கு அனுப்புவார். வல்லரசு, சக்கரபாணி ஆரம்பித்த பெற்றோர் உரிமைப் பேரவையின் செயலாளர். சாயங்காலத்துக்குள் பெண்ணின் அப்பாவைக் கண்டுபிடித்துவிடுவான்.

சக்கரபாணி முதலிலிருந்தே இப்படி இல்லை. முப்பது வருடம் கிரிமினல் கேஸ் நடத்தியவர். அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் போலீஸ்காரர்களே தண்ணீர் கேட்பார்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வழக்கு வந்தது. வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண், எட்டே மாதத்தில் தூக்கில் தொங்கினாள். சக்கரபாணி ஆஜரானது புருஷனுக்கு. பெண்ணின் அப்பாவைக் கூண்டில் ஏற்றி, "மகள் எந்தத் தேதியில் உங்களுக்குப் போன் செய்தாள்? கொடுமைப்படுத்துவதாக யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்டு, அரை மணி நேரத்தில் மல்லாட்டை பயிரிடும் அந்த விவசாயியை ஊமையாக்கினார். புருஷன் விடுதலை. தீர்ப்பு வந்த மறுநாள் அந்த அப்பா மாடிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டவில்லை, அழவில்லை. சாயங்காலம் எழுந்து போய்விட்டார். சக்கரபாணி அன்று ஒரு கேஸ் கட்டையும் பிரிக்கவில்லை. அதற்கப்புறம்தான் பேரவை, பொதுக்கூட்டம், பெற்றவர்கள் கையெழுத்து இல்லாத கல்யாணத்தைப் பதிவு செய்யாதே என்கிற கோரிக்கை. மேடையில் அவர் குரல் தழுதழுப்பது நடிப்பில்லை என்று முருகையனுக்குத் தெரியும். தானும் நல்ல காரியம்தான் செய்வதாக முருகையன் நம்பிக்கொண்டிருந்தார், பானுப்ரியா வரைக்கும்.

கண்டமங்கலத்துப் பெண். புதுச்சேரியில் ஏதோ கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தவள். இரண்டு மாதத்துக்கு முன் அவர் போட்டோ எடுத்தபோது பின்னாலேயே நின்றிருந்தாள். "இன்னாத்துக்கு ஐயா போட்டோ எடுக்கறீங்க?" என்று கேட்டாள். "ஆபீஸ் வேலைம்மா" என்றார். அவளும் நம்பி, "வெயிலு அடிக்குது, எழுத்துத் தெரியாது, இருங்க" என்று துப்பட்டாவை விரித்துப் பலகையின் கண்ணாடிக்கு நிழல் பிடித்தாள். மறுநாளே வீட்டில் அவள் வேலையை நிறுத்தி, பத்தாம் நாள் அரக்கோணத்தில் இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிட்டார்கள். வல்லரசு அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் முருகையனுக்கு அந்த நிழல்தான் முன்னால் வருகிறது.

அலுவலக வராந்தாவில் கூட்டம் குறைவு. படித்துவிட்டு எடுப்பது அவர் வழக்கமில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய், மூக்குக் கண்ணாடியை மாட்டி, பெரிதாக்கிப் படிப்பார். இன்று பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தாள்கள் இருந்தன; இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார்.

கீழே இருந்தது ஆரோக்கியசெல்வி, வயது இருபத்து மூன்று, கூட்டேரிப்பட்டு. பையன் ரஞ்சித், மெக்கானிக்.

மேலே இருந்ததை இரண்டு முறை படித்தார். கலைமதி, வயது இருபத்தேழு, தந்தை பெயர் சக்கரபாணி, வழக்கறிஞர், திண்டிவனம். பையன் பெயர் சகாயராஜ்.

சென்னையில் வேலை செய்யும் கலைமதி, இரண்டு மாதமாகத் திண்டிவனத்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். முருகையனின் மகனுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் நடந்தபோது ராத்திரி பகலாக உட்கார்ந்து கல்லூரி தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள். சென்னையிலேயே மனு கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை யார் இந்தப் பலகைக்கு வருவார் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் இங்கே ஒட்ட வைத்திருக்கிறாள். அப்பாவிடம் நேரில் சொல்ல முடியாததைப் பலகையில் சொல்கிறாளோ?

செல் அடித்தது. வல்லரசு.

"அண்ணே, இன்னிக்கு இன்னா மாட்டுச்சு?"

"நெட்டு வரல தம்பி."

"இதே பேஜாரு உன்கிட்ட. ஒண்ணு சிக்குனா அனுப்பு. சாயங்காலம் கூட்டேரிப்பட்டுல மொத மீட்டிங்கு. பொண்ணோட அப்பனை மேடையிலயே ஏத்தி, 'உன் பொண்ணை நாங்க காப்பாத்திக் குடுத்தோம்'னு சொன்னா சும்மா பத்திக்கும். புரியுதா?"

புரிந்தது. இந்தப் போட்டோ போனால், ஆரோக்கியசெல்வி வேலை முடிந்து வீடு திரும்பும்போது வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். போகாவிட்டால் அவளுக்கு முப்பது நாள் கிடைக்கும். அதற்குமேல் அவள் பாடு. ஆனால் சக்கரபாணியிடம் பொய் சொல்லி யாரும் தப்பியதில்லை. ஐம்பத்தாறு வயதில் முருகையனை வேறு எந்த வக்கீலும் குமாஸ்தாவாகச் சேர்க்கமாட்டார். மகனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி.

கூசும் வெயிலில் திரும்பிப் போய்ப் பலகையைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இரண்டு தாளும் காற்றில்லாமல் தொங்கின. இரண்டு பெண்களும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டதுபோல நீல மை. செல்லில் இருந்த போட்டோவை அழித்துவிடலாம் என்று நினைத்து, அழிக்கும் குறிமேல் விரலைக் கொண்டுபோனார். அதற்குள் செல் மறுபடி அடித்தது. சக்கரபாணி. பின்னணியில் பிரசார வேனின் ஒலிபெருக்கி அலறியது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது, அப்புறம் அமைதி.

"இன்னா முருகையா, பலகையில ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

சக்கரபாணி உடனே பேசவில்லை. கோர்ட்டில் சாட்சி பொய் சொன்னதும் அவர் மேஜையில் எதையோ தேடுவதுபோல நிற்பார். அந்த இடைவெளி இது என்று முருகையனுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாப் பாத்தியா? ரெண்டு இருக்கணுமே."

அப்படியானால் இவருக்குத் தெரியும். காலையில் கழுத்தில் மாலையோடு நின்றபோதே தெரியும்.

"இருக்குதுங்க சார்."

"மேல இருக்கறத நீ பாக்கல. அது வீட்டு விஷயம், நான் பேசிக்கறேன்." குரல் ஒரு நொடி தேய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. "எம் பொண்ணு விவரம் தெரிஞ்சவ முருகையா, யோசிச்சுத்தான் செய்வா. கீழ இருக்கறது சின்னப் பொண்ணு, ஏமாந்துடும். அத்த மட்டும் வல்லரசுக்கு அனுப்பிடு. இன்னா, கேக்குதா?"

வராந்தாவில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். முருகையன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் இந்த மனிதரிடம் சரிங்க சார் என்பதைத் தவிர வேறு சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

"கேக்குதுங்க சார். ஆனா ரெண்டும் ஒரே போட்டோவுல விழுந்துடுச்சு. போனா ரெண்டும் சேந்துதாங்க போவும்."