தவறான செடிக்கு ஒரு வேலி

மார்ச் 14, செவ்வாய்.

ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. மூன்று வாரமாக நான் வேலி கட்டிக் காத்தது இருமல்செடியை அல்ல, ஒரு களையை.

மாலை நேர மூலிகை வகுப்பில் இலையை வரையும்போதுதான் தெரிந்தது. இருமல்செடி இலையின் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம் இருக்கும். கசக்கினால் மூக்கைத் துளைக்கும். என் செடியின் இலை வழவழவென்று இருந்தது. கசக்கினால் புல் வாசனை. எனக்குத்தான் மூக்கடைப்போ என்று இன்னும் சில இலைகளைக் கசக்கிப் பார்த்தேன். மூக்கில் குறையில்லை.

வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் இரு பக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு புதர்கள். சுற்றுவட்டாரத்தில் இருமல்செடியை வேரோடு பிடுங்கித் தீர்த்தாகிவிட்டது, மிச்சம் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள புதர்தான், அதற்கு வேலி போட்டுப் பலகை வை என்று வகுப்பு எடுக்கும் மேடம் சொல்லியிருந்தார். அசல் வலப்பக்கம்; நான் இடப்பக்கம் வைத்துவிட்டேன். ‘அரிய மூலிகை. பறிக்காதீர்கள்.’ எழுத்து மட்டும் அழகு.

வீட்டுக்கு வந்தால் அண்ணி டம்ளரில் பச்சையாக எதையோ குடித்துக்கொண்டிருந்தார்.

“உங்க கிளாஸ் செடிதான் தம்பி. நேத்தெல்லாம் எப்படி இருமினேன்! இப்ப பாரு, நின்னே போச்சு.”

“வேலிக்குள்ள கையை விட்டீங்களா? பறிக்காதீங்கன்னு எழுதியிருக்கே அண்ணி!”

“எழுதினதாலதானே அங்க இருக்கிறதே தெரிஞ்சுது? நான் போனப்ப வரிசையே நிக்குது.”

“அது மருந்தே இல்ல. வெறும் களை.”

“போர்டுல மூலிகைன்னு போட்டிருக்கு.”

“போர்டை எழுதினதே நான்தான்!”

“அப்ப சரியாத்தான் இருக்கும். எதையும் நாலு தடவை பாக்கிற ஆளாச்சே நீ.” மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

பதறிப்போய் மேடத்துக்கு போன் செய்தேன்.

“அந்தக் களையா? ஒண்ணும் பண்ணாது, பயப்படாதே. அசல் செடி எப்படி இருக்கு?”

“கிளம்பும்போது பாத்தேன் மேடம். ஒருத்தரும் தொடல. புதுசா கன்று வேற முளைச்சிருக்கு.”

“வேலிக்குள்ள?”

“பாதி மொட்டை. ஆனா பிடுங்கப் பிடுங்க முளைச்சிட்டே இருக்கு.”

“பிடுங்கப் பிடுங்க முளைக்குதா?” என்று மேடம் மறுபடி கேட்டார்.

“மன்னிச்சிடுங்க மேடம். நாளைக்கே பலகையைச் சரியான பக்கம் மாத்திடறேன்.”

“மாத்தினே, கையை ஒடிச்சிடுவேன்.”

“அப்ப நிஜமாவே இருமுறவங்க?”

“என்கிட்ட அனுப்பு. நுனி இலையா நானே கிள்ளித் தரேன். வேர் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது.”

தெரிந்த தவறைத் திருத்தாமல் விடுவது இதுதான் முதல் முறை. சரிதானா என்று தெரியவில்லை. இதை எழுதும் வரை அண்ணி ஒரு தடவைகூட இருமவில்லை. அது வேறு குழப்பமாக இருக்கிறது.

நாளைய வேலை: மழையில் மங்கிய பலகைக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். அதே இடத்தில். ‘பறிக்காதீர்கள்’ என்பதை இன்னும் கொஞ்சம் பெரிதாக.