சம்பந்தி வீட்டுச் சேவல்

என் வீட்டுக் கோழிகளோடு சேவல் வேண்டாம் என்று நான் முடிவெடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் என் வீட்டுக்காரர் பிலிப்பு சந்தையிலிருந்து ஒரு சேவலைக் கொண்டுவந்து விட்டார். எட்டே நாளில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து பதினேழு கோழியும் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தன. வேப்பமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தது நான். அவர் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அவரையும் சேர்த்துப் புதைத்திருப்பேன்.

மறுபடி குஞ்சு வாங்கிப் பதினொரு கோழி தேற்றினேன். விற்பதற்கு இல்லை. மகள் ஜெஸி பிள்ளை பெற்றால் பத்தியச் சாறு வைக்க நாட்டுக்கோழி வேண்டாமா? அதற்குத்தான். "குஞ்சு பொரிக்க ஒரு சேவல் இருந்தா நல்லாருக்கும் ரெஜினா" என்று பிலிப்பு மாதம் ஒருமுறை ஆரம்பிப்பார். "கம்முனு கெடங்க" என்பேன். பேச்சு அத்தோடு சரி.

ஜெஸிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. ஏழாம் மாதம் வளையல் போட்ட அன்றே அவளை நாங்கள் அழைத்து வந்திருக்க வேண்டும். சம்பந்தி ஆனந்தமேரிதான், "மாடு கறக்க ஆளில்ல, கொஞ்ச நாள் போவட்டும்" என்று நிறுத்திவிட்டார். மருமகன் ஆல்பினுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அம்மா சொன்னதுதான் அவனுக்கு வேதம். நான் எப்போது போன் செய்தாலும் ஜெஸி, "நல்லா கீறேம்மா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பின்னால் சம்பந்தியின் குரல் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, பெண்ணை எங்கள் கண்ணில் காட்டுவதற்கென்று, திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து சம்பந்தியும் ஜெஸியும் பஸ் மாறி வந்து, நைனார்பாளையத்தில் ஆட்டோ பிடித்து வாசலில் இறங்கினார்கள். ஜெஸியின் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. நான் முதலில் பார்த்தது அவள் கையைத்தான். பை இல்லை. மாற்றுத்துணி இல்லாமல் வந்திருக்கிறாள் என்றால் சாயந்தரமே திரும்ப இழுத்துக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. சம்பந்தியின் கையில் கால் கட்டிய ஒரு சேவல் தொங்கியது.

"வெறுங்கையோட வரக்கூடாதுன்னு எடுத்தாந்தேன். எங்க வூட்டுச் சேவல்ங்க. மூணு வருஷமா கீது" என்றார்.

வாங்கினேன். சேவலின் உடம்பு கொதித்தது. கொண்டை நுனி கறுத்துப்போயிருந்தது. என் முந்தானையிலேயே கழிந்தது, பச்சையும் வெள்ளையுமாக. இந்தக் கழிச்சலை நான் எத்தனை தடவை கழுவித் தள்ளியிருக்கிறேன், எனக்கா தெரியாது?

முகத்தில் எதையும் காட்டாமல் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். கோழிகள் முருங்கை மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எட்டாமல், குளியலறைப் பக்கம் சேவலை விட்டுக் கூடையால் மூடினேன். திரும்பினால் சம்பந்தி பின்னாலேயே நிற்கிறார்.

"இன்னாங்க, கொண்டாந்தத கூடையப் போட்டு மூடிட்டீங்க?"

"புதுசா வந்தத பதினஞ்சு நாள் தனியா வெக்கறதுங்க. செவ்வாக்கெழம எல்லாத்துக்கும் ஊசி போடப் போறேன். அப்பறமா சேத்து வுடறேன்."

"எங்க வூட்டுச் சேவலுக்குச் சீக்குன்றீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. போன வருஷம் சந்தைச் சேவலால பட்டுட்டேன்."

"சந்தைச் சேவலும் எங்க சேவலும் ஒண்ணாங்க?" நாற்காலியை இழுத்துக் கூடைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "நாங்க குடுத்தத நீங்க சேத்துக்க மாட்டீங்க. நாங்க மட்டும் எங்க வூட்டு வாரிச உங்கள நம்பி வுட்டுட்டுப் போவணுமாக்கும்? இவள இங்க வுட்டுட்டுப் போலாம்னுதான் வழியெல்லாம் நெனச்சிக்கினு வந்தேன். நாலு மணிக்கு பஸ்ஸு கீது. ஜெஸி, காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

பிலிப்பு கொல்லைக் கதவோரம் நின்று, கூடையைத் திறந்து விடு என்று கையைக் காட்டினார். நான் பார்த்த பார்வையில் கையை இறக்கிக்கொண்டார். திறந்தால் பதினொன்றும் போகும். திறக்காவிட்டால் நாலு மணிக்கு என் பெண் போவாள்.

ஒரு வழி இருந்தது. ஜெஸியின் வாயாலேயே உண்மை வந்தால் சம்பந்தியால் மறுக்க முடியாது. ஜெஸியிடம் கேட்டேன். "பாப்பா, அங்க உங்க வூட்ல கோழிங்கல்லாம் நல்லா கீதா?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெஸி என்னைப் பார்க்கவில்லை. மாமியார் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"நல்லாதான் கீதும்மா."

சின்ன வயதில் சர்க்கரை டப்பாவில் கை விட்டால்கூடக் கேட்பதற்கு முன்னால் தானே வந்து சொல்கிற பிள்ளை அவள். பொய் சொல்லவே வராது. இப்போது ஒரு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லக் கற்றிருக்கிறாள். அப்படியானால் போனில் இத்தனை மாதம் சொன்ன "நல்லா கீறேம்மா" எல்லாம்? மாதாவே, எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்!

நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. ஆனால் நான் ஒரு வார்த்தை விட்டால் அந்த அம்மா ஜெஸியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். அந்தப் பஸ், அந்த ரோடு, அந்த மாட்டுக் கொட்டகை. ஒன்பது மாதம். வார்த்தையை அப்படியே முழுங்கினேன்.

"நீங்க சொன்னா சரிதாங்க. உங்க சேவலுக்கு இன்னா வந்துடப் போவுது" என்று என் கையாலேயே கூடையைத் தூக்கினேன்.

சேவல் தள்ளாடிக்கொண்டே போய்க் கோழிகளுக்கு நடுவில் நின்றது. தண்ணீர்ச் சட்டியில் அலகை முக்கிக் குடித்தது. அதே சட்டியில் என் கறுப்பி குடித்தது, அப்புறம் சாம்பல் நிறக் கோழி. நான் நின்று பார்த்தேன். சிரித்த முகமாக நின்றேன், தெரியுமா?

சம்பந்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சாப்பிட்டார், மோர்க் குழம்பை நல்லா இருக்கிறது என்றார். "சரி, வந்தது வந்துட்டா. பிரசவம் வரிக்கும் இருக்கட்டும். பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு ஒற்றையாகக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும் தோட்டத்துக்கு ஓடினேன். சேவலைப் பிடித்துக் கூடைக்குள் தள்ளி, சட்டியைக் கவிழ்த்து, தரையெல்லாம் சுண்ணாம்பு தூவினேன். பிலிப்பு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். பிரயோசனமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாளே சேவல் செத்தது. ஐந்தாம் நாள் கறுப்பி கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. பத்தாம் நாள் கடைசிக் கோழியை நான் குழியில் போடும்போது ஜெஸி பக்கத்தில் வந்து நின்று ஓவென்று அழுதாள்.

"எனக்குத் தெரியும்மா. எங்க வூட்ல பன்னெண்டும் அதுக்கு மொத வாரமே செத்துப்போச்சு. இது ஒண்ணுதான் மீதி. வேற எடத்துல வுட்டா இதுனாச்சும் பொழச்சிக்கும்னு அத்தை எடுத்தாந்தாங்க. வாயத் தொறந்தா தொலச்சிடுவேன்னாங்க."

"எனக்கும் அன்னைக்கே தெரியும்டி."

"அப்பறம் ஏம்மா தொறந்த?"

"இல்லன்னா உன்ன வுட்டுட்டுப் போயிருப்பாங்களா?"

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்று பூராவும் பேசினாள். விடியலில் மாட்டுச்சாணி வாரியது, தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தது, எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சமிருந்தால் சாப்பிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சம்பந்தி போன் செய்தார். "சேவல் எப்பிடிங்க கீது? கோழிங்களோட சேந்துக்கிச்சா?"

ஜெஸி எதிரே உட்கார்ந்து, சொல்லாதே, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

"செத்துப்போச்சுங்க" என்றேன். "மறுநாளே. என் கோழி பதினொண்ணையும் இட்டுக்கினு போயிடுச்சு. உங்க வூட்ல பன்னெண்டு செத்தத மறச்சி நீங்க கொண்டாந்தீங்க. தெரிஞ்சேதான் நானும் தொறந்து வுட்டேன்."

"அவ சொல்லிட்டாளா? நாளைக்கே வந்து அவளக் கூட்டிக்கினு..."

"வாங்க. வந்து சாப்ட்டுட்டுப் போங்க. அன்னைக்கு எம் பொண்ணு உங்க கையில இருந்தா. அதான் வாய மூடிக்கினு கூடையத் தூக்கினேன். இன்னைக்கு எங்க வூட்ல கீறா. இனிமே அவளா வரேன்னு சொல்ற அன்னைக்குத்தான் வருவா."

நானே போனை வைத்தேன்.

ஜெஸி என்னையே பார்த்தாள். "அம்மா, இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

"எதடி?"

"கடைசியா சொன்னியே, அது."

சொன்னேன்.