ஒண்ணு, ரெண்டு, பை

நான் பஸ் ஓட்டுகிறவன். பதினான்கு வருடமாகிறது. இத்தனை வருடத்தில் ஒரு பயணியைக்கூட விட்டுவிட்டு வந்தவன் இல்லை என்று ஒரு காலத்தில் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை நகர்த்த மாட்டேன். யாராவது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால் நின்று ஏற்றிக்கொள்வேன். "அண்ணே, நீங்க பஸ் ஓட்டுறீங்களா, ரோட்டுல ஆள் பொறுக்குறீங்களா?" என்று என் கண்டக்டர் கேட்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது. அவளுக்குப் பிறகு ஒன்று போதும் என்று நினைத்தோம், சேர்ந்தாற்போல் இரண்டு வந்தன. ஒரு பெண், ஒரு பையன். இரண்டு வயது. பெண்ணுக்கு மின்னல் என்றும் பையனுக்கு இடி என்றும் நான்தான் பட்டப்பெயர் வைத்தேன். முதலில் மின்னல் சத்தமில்லாமல் எதையாவது கவிழ்ப்பாள். அடுத்த நொடி இடி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுவான்.

மூத்தவளை அதுவரை குட்டி என்றுதான் கூப்பிட்டோம். இரட்டையர் வந்ததும் அந்தப் பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'குட்டிங்க எந்திரிச்சாச்சா?' 'குட்டிங்களுக்குப் பால் ஆறிடுச்சா?' என்று ஆகிவிட்டது. இவளுக்கு 'பெரியவ' என்று பெயர் மாறியது. பெரியவ, துண்டை எடு. பெரியவ, அவன் வாயில என்ன இருக்கு பாரு. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத பிள்ளை. எங்களுக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து ஒன்றரை வரை படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுவாள். எனக்கு வண்டி இரண்டு மணிக்கு. நடுவில் இருக்கிற அரை மணி நேரம்தான் எங்கள் தாம்பத்தியம். பஸ் நிலையத்தில், நான்காவது நடைமேடையின் சிமென்ட் பெஞ்சில், பிள்ளைகளை நான் அவளிடம் ஒப்படைப்பேன். இரட்டைத் தள்ளுவண்டியில் சின்னதுகள் இரண்டையும் உட்கார்த்தி, வழியில் பள்ளிக்கூட வாசலில், மதியத்தோடு வகுப்பு முடிந்து நிற்கிற பெரியவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மனைவி சலவைத்தூள் வாசனையோடு வந்து சேருவாள்.

ஒப்படைப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். டெப்போவில் ஒரு டிரைவரிடமிருந்து இன்னொருவர் வண்டியை வாங்கும்போது சும்மா வாங்க மாட்டோம். ஸ்பேர் டயர், ஜாக்கி, முதலுதவிப் பெட்டி என்று வாய்விட்டுச் சொல்லிக் கைகாட்டி வாங்கவேண்டும். ஒருநாள் இடி பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போய், வெறும் தள்ளுவண்டியை என் மனைவி பத்தடி தள்ளிக்கொண்டு போன பிறகு, அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். நான் மின்னலின் தலையைத் தொட்டு 'ஒண்ணு' என்பேன். இடியின் தலையைத் தொட்டு 'ரெண்டு' என்பேன். 'பை' என்று நான் சொல்லும்போது, பால் பாட்டில்களும் மாற்றுத்துணியும் உள்ள பையைப் பெரியவள் தூக்கிக் காட்டுவாள். என் மனைவி 'சரி' என்பாள். கணக்கு முடிந்தது. பெரியவளை யாரும் எண்ணியதில்லை. அவள் எண்ணுகிறவர்கள் பக்கம் நின்றாள்.

பஸ் நிலையத்துக்கு என்று அவளுக்கு மட்டும் நான் போட்ட சட்டங்கள் இரண்டு. பஸ் ஓடுகிற பாதையில் காலை வைக்கக் கூடாது. எங்களைக் காணவில்லையென்றால் நான்காவது மேடை பெஞ்சில் உட்காரவேண்டும், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. இவ்வளவும் யோசித்துச் சொன்ன பெரிய புத்திசாலி நான்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. என் பஸ்ஸில், முன்கதவை ஒட்டி இருக்கிற ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்து ஒரு டிரிப் வரவேண்டும். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்துக்கொண்டே வந்தேன். அந்தப் புதன்கிழமை காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "இன்னைக்காப்பா?" என்றாள். இடி என் சட்டையில் பாலைக் கக்கிய நேரம். "ஆமா, இன்னைக்குத்தான், கண்டிப்பா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மதியம் பெஞ்சில் அவள் அம்மாவிடம், "நான் இன்னைக்கு அப்பாகூட பஸ்ல போறேன், நம்ம ஸ்டாப்புல வந்து கூட்டிக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். நான் அப்போது மின்னலுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழவில்லை. மின்னல் துணியை நாசம் செய்துவிட்டாள். அவசர அவசரமாக மாற்றினோம். கசங்கிய டயபரைச் சுருட்டி நான்தான் பெரியவளிடம் நீட்டினேன். "ஓடிப்போய் அந்தக் கோடியில இருக்கற குப்பைத்தொட்டியில போட்டுட்டு வா" என்றேன். ஓடினாள்.

அதற்குள் டைம்கீப்பர் விசில் ஊதினார். இரண்டு நிமிடம் தாமதம். "பஸ்ஸ எடுக்கறியா, நான் வந்து எடுக்கட்டுமா?" என்று மைக்கிலேயே கத்தினார். "ஒண்ணு, ரெண்டு, பை" என்று நான் கத்தினேன். பை என்றபோது யாரும் தூக்கிக் காட்டவில்லை. அது தள்ளுவண்டிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்துக்கொண்டேன். "சரி" என்றாள் மனைவி. நான் ஒன்பதாவது மேடைக்கு ஓடினேன். அவள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பெரியவள் என்னோடு இருக்கிறாள் என்று அவளும், அவளோடு இருக்கிறாள் என்று நானும்.

கண்ணாடியைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தேன்.

மூன்று மணிக்கு ரூட்டின் மறுகோடியில் இருந்தேன். நான்கு மணிக்குப் பஸ் நிலையத்துக்குத் திரும்பி வந்தேன். டைம்கீப்பர் அறை வாசலில் டீ குடித்தேன், கண்டக்டர் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்தேன், நான்கு இருபதுக்கு மறுபடி கிளம்பினேன். ஐந்து இருபதுக்கு மறுகோடியில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தது.

"ஏங்க, நான் எத்தனை மணிக்கு ஸ்டாப்புக்கு வரட்டும்?"

"எதுக்கு?"

"எதுக்கா? பெரியவளைக் கூட்டிக்கத்தான். ஒரு டிரிப்புன்னா, ரெண்டாவது டிரிப்பும் சுத்திக்கிட்டிருக்காளே. முன்சீட்டுல ராணி மாதிரி உக்காந்திருக்காளா?"

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"அவ உன்கூட இல்லையா?" என்றேன்.

போனில் இடி எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. டக், டக், டக். "விளையாடாதீங்க" என்றாள் அவள். பிறகு, "சும்மா சொல்லாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை இங்கே சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டைம்கீப்பருக்குப் போன் போட்டேன். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினேன்.

"நாலாவது மேடையிலயா? ஸ்கூல் டிரஸ்ல ஒரு பொண்ணு? ஆமாப்பா, மதியத்துலேர்ந்து உக்காந்திருக்கு. யாரோ வரப்போறாங்கன்னு நெனச்சேன். ஏன்?"

"என் பொண்ணு சார்."

"உன் பொண்ணா? யோவ், நாலு மணிக்கு நீ இங்கதானேய்யா நின்னு டீ குடிச்சே!"

போய்ப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். "என் ரூமுக்கு வரமாட்டேங்குது. எந்திரிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காராம். பிஸ்கட் குடுத்தேன், வாங்கிக்கல. நீ பதறாம வா. நான் பாத்துக்கறேன்."

பதறாமல் எப்படி வருவது? அங்கே சீக்கிரம் போய்ச் சேருகிற வண்டி என் வண்டிதான். ஒரு மணி நேர வழி, முப்பத்தொரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றேன். ஒரு பெரியவர் ஒவ்வொரு படியாக யோசித்து யோசித்து ஏறினார். ஒரு பெண் பாதி இறங்கிவிட்டு, இது எந்த ஸ்டாப் என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர்கள்மேல் என்ன தப்பு? என்மேல் காட்ட முடியாததை அவர்கள்மேல் காட்டினேன்.

எங்கள் தெரு நிறுத்தத்தில் என் மனைவி இரட்டையரை இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஏறினாள். கண்டக்டர் முன்கதவுப் பக்கத்து ஒற்றைச் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கொடுத்தார். பெரியவளுக்கு நான் தருவதாகச் சொன்ன சீட்டு. மூவரும் அதில் அடைந்து உட்கார்ந்தார்கள். மின்னலுக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

இரண்டு நிறுத்தம் போனது. பிறகு மனைவி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுக்குள்ள போனதுமே இவளோட ஒரு செருப்பைக் காணோம்னு தெரிஞ்சுடுச்சு. தள்ளுவண்டியில தேடினேன். தெருமுனை வரைக்கும் போய்த் தேடினேன். ஒரு மணி நேரம் தேடியிருப்பேன். இந்தச் செருப்பை."

அடுத்த நிறுத்தம் வந்தது, நிறுத்தினேன்.

பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது மணி ஆறு இருபத்தைந்து. ஒன்பதாவது மேடையில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைக்கூட எடுக்காமல், ஐந்து பாதைகளையும் குறுக்கே கடந்து ஓடினேன். ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது. அந்த டிரைவர் என் பரம்பரையையே திட்டினார்.

"அப்பா! குறுக்க வரக்கூடாதுப்பா!" என்று கத்தினாள் பெரியவள்.

பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. மடியில் பள்ளிக்கூடப் பை. தலை கலையவில்லை. அழுத அடையாளம்கூட முகத்தில் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"குட்டி" என்றேன்.

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவங்க அம்மாகூட வராங்களாப்பா?" என்றாள்.

உன்னைத்தான் கூப்பிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கைக்குள் மூடி வைத்திருந்ததை நீட்டினாள். மின்னலின் செருப்பு. "தள்ளுவண்டியிலேர்ந்து விழுந்துடுச்சு. நான் குப்பை போட்டுட்டு வந்தப்ப கீழ கெடந்துச்சு. அம்மாவைக் கூப்பிட்டேன், கேக்கல."

"நான் நாலு மணிக்கு வந்தேனே, குட்டி... பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. கையாட்டினேன். நீங்க சிரிச்சீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னைப் பாத்துத்தான் சிரிக்கறீங்கன்னு நெனச்சேன். அதான் அடுத்து வருவீங்கன்னு இருந்தேன்."

தூக்கினேன். அப்போதுதான் பையை மடியில் வைத்திருந்ததன் காரணம் தெரிந்தது. பாவாடை முழுக்க நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. "எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல" என்று என் காதோரமாகச் சொன்னாள். வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல.

என் மனைவி வந்து சேர்ந்தாள். இரட்டையரைப் பெஞ்சில் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பெரியவள் அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "அழாதம்மா. நான் எங்கயும் போகலையே" என்றாள். தட்டிக்கொண்டே, இடி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்து, இன்னொரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து சட்டத்தை மாற்றினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, பை. மூணு என்னும்போது அவள் தலையில் கை வைப்பேன். தடுக்கமாட்டாள், தலையைக் குனிந்து கொடுப்பாள். ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுவதுபோல் இருக்கும். மூன்று முறை முன்சீட்டுக்குக் கூப்பிட்டேன். "வேணாம்ப்பா, அம்மாவுக்குத் தனியாக் கஷ்டம்" என்றாள். நான்காவது முறை கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்று வாரம் விடாமல் கேட்ட பிள்ளை இப்போது எதையுமே கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரட்டையர் பஸ் நிலையம் விளையாடினார்கள். எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மின்னல் தன் தலையில் கை வைத்து 'ஒண்ணு' என்றாள். இடியின் தலையில் ஓங்கி அடித்து 'எண்டு' என்றாள். என் மனைவியின் கைப்பையைத் தூக்கி 'பை!' என்று கத்தினாள். இருவரும் கைகோர்த்துக்கொண்டு கதவைப் பார்த்துக் கிளம்பினார்கள்.

பெரியவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அவர்களுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் வாலுங்களா, மூணு எங்க? மூணை விட்டுட்டுப் போறீங்களே!" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

இரட்டையர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"திட்டாதீங்கப்பா" என்றாள் பெரியவள். கையிலிருந்த சின்னச் சட்டையைத் தரையில் வைத்து நீவிவிட்டாள். "அவங்களுக்கு ரெண்டு வரைக்கும்தான் தெரியும்."