ஆடாமல் உட்கார வேண்டிய இருபது நிமிடம்

1

கடைசியாக நடந்த சாதாரண விஷயம் ஒரு தொலைபேசி அழைப்பு. தம்பி ஒரு குப்பைப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டு அக்காவைக் கூப்பிட்டான்.

(இப்படித் தொடங்கினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். இந்தக் கதை பிறந்ததே ஒரு சிரிப்பில்தான். வேறு எங்கிருந்தோ வந்தது என்று நான் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.)

விளக்கிவிடுகிறேன். தம்பி படித்தது பந்தயக் கார் பொறியியல். கடைசி ஆண்டு மாணவர்கள் சேர்ந்து ஒற்றை இருக்கைக் கார் ஒன்றைத் தாங்களே கட்டி, மற்றப் பல்கலைக்கழகங்களோடு போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் காருக்கு இருக்கை கடையில் கிடைக்காது. இரண்டு திரவங்களைக் கலந்து ஒரு பெரிய குப்பைப் பைக்குள் ஊற்றி, பையைக் காருக்குள் வைத்து, ஓட்டப் போகிறவரை அதன் மேல் உட்காரச் சொல்வார்கள். கலவை நுரைத்துப் பொங்கி முதுகையும் இடுப்பையும் விலாவையும் சுற்றி ஏறும். பிறகு கெட்டிப்படும். அதுதான் இருக்கை. கெட்டிப்படும்வரை, இருபது நிமிடம், ஆடக் கூடாது.

"அக்கா, ஏதாவது பேசு."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. இருபது நிமிஷம் அசையக் கூடாதாம். முதுகெல்லாம் சுடுது. உலை மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு."

"அப்படி எதுலடா உட்கார்ந்திருக்க?"

"குப்பைப் பையில."

"பாவம்டா அம்மா. உன்னைத் தூக்கிக் குப்பையில போடணும்னு இருபத்திரண்டு வருஷமா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. காலேஜ்காரங்க மூணே வருஷத்துல காரியத்தை முடிச்சுட்டாங்க பாரு."

அவன் சிரித்தான். அவனுக்கு வாயால் மட்டும் சிரிக்கத் தெரியாது, தோள் குலுங்கும், வயிறு குலுங்கும். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "டேய் டீசல், ஆடாதடா!"*

அக்கா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மேலாளர் அவசரப் பக்கங்களோடு வந்து மேசை ஓரத்தில் நின்றார். "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்தாள். ஆறு நிமிடம் பேசியிருந்தாள்.

(* பழைய டீசல் வண்டி மாதிரி, காலையில் நான்கு தடவை உலுக்கினால்தான் எழுந்திருப்பான். அதனால் கூட்டாளிகள் வைத்த பெயர். வீட்டில் வேறு பெயர் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.)

2

முந்தைய வரைவுகளில் இருந்து, அடித்தது தெரியட்டும் என்று விட்டுவைத்த வாக்கியங்கள்:

"இருபது நிமிடமும் அவள் அவனோடு பேசிக்கொண்டே" — பொய்.

"போனை வைத்தபோது அவள் மனதில் ஏதோ" — ஒன்றும் படவில்லை. பசித்தது.

"அவன் உயிராய் நேசித்த அந்தக் காரே அவனை" — இதைத்தான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். பந்தயக் கார், இளைஞன், சாவு என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால் யாருக்கும் கை தானாகக் கணக்குப் போடும். இல்லை. கார் அவனை ஒன்றும் செய்யவில்லை. அவன் அதை ஒரு முறைகூட ஓட்டவில்லை. மறுநாள் காலை விடுதியில் பல் துலக்கப் போன இடத்தில் விழுந்தான். மூளையில் ஒரு ரத்தக் குழாய். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். இருபத்திரண்டு வருடம் எங்களுக்குத் தெரியாமல் அது எங்களோடு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறது.

எங்களோடு. பாருங்கள், எழுதிவிட்டேன். அக்கா என்பது நான்தான். ஆனாலும் அவளை 'அவள்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்தான் என் கை ஓடுகிறது.

3

ஐந்து வாரம் கழித்துக் கார்க் குழுவின் கேப்டன் கூப்பிட்டான். மென்று விழுங்கிப் பேசினான். ஒரு விஷயம் கேட்கணும், போனில் வேண்டாம், முடிந்தால் ஒரு தடவை வாங்க என்றான்.

பட்டறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு தகரக் கதவு, மூன்று மேசை, சுவரில் ஆணி அடித்து அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள். நடுவில் நாலு மரக்கட்டை மேல் கார். அவள் உள்ளே வந்ததும் ஏழெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

(இந்தக் கேப்டனை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பேசும்போதெல்லாம் கையிலிருந்த துணியை முறுக்கினான். கதையில் எழுதினால் நான் முறுக்கக் கொடுத்த துணி போலத் தெரிகிறது. ஆனால் முறுக்கத்தான் செய்தான்.)

"போட்டிக்குப் பதினெட்டு நாள்தான்க்கா இருக்கு. போன வருஷம் எங்க கார் பாதியிலயே நின்னுபோச்சு. இந்த வருஷம் முழு தூரமும் ஓட்டி முடிக்கணும்னு டீசல் ஒத்தக் கால்ல நின்னான். இப்ப ஓட்டப் போறது இவதான்." ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினான். கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பெயர் அரைப்படி; ஏன் என்று ஆளைப் பார்த்தாலே தெரிந்தது. "ஆனா இருக்கை அவன் உடம்புக்கு ஊத்தினது. பை கிழிஞ்சு நுரை காரோடயே ஒட்டிக்கிச்சு. வேற ஊத்தணும்னா இதை உடைச்சுத்தான் எடுக்கணும். முழுசா வராது."

"உங்ககிட்ட கேக்காம கை வைக்க மனசு வரலக்கா" என்றாள் அரைப்படி.

அக்கா குனிந்து பார்த்தாள். தம்பியின் முதுகு அங்கே இருந்தது. தோள்பட்டையின் பள்ளம், இடுப்பின் அகலம், கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்து உட்காரும் அவனுடைய பழக்கம். எரித்தாகிவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த உடம்பு, வெளிறிய மஞ்சள் நிறத்தில், குழிவாக.

இடது விலாப் பக்கம் மட்டும் ஒரு மேடு.

"அது என்ன?"

கேப்டன் துணியை முறுக்கினான். "நுரை ஏறும்போது ஆடிட்டான்க்கா. போன்ல யாரோ சிரிக்க வச்சுட்டாங்க. இன்னொரு தடவை ஊத்தலாம்டான்னோம். கேக்கல. 'இருக்கட்டும், இது எங்க அக்கா வச்ச மேடு. குத்தினா குத்தட்டும்'னான்."

4

இங்கே ஒரு பத்தி அழுகை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

அரைப்படி சொன்னாள்: "உடைக்க வேணாம்க்கா. பின்னால ஒரு மெத்தை வச்சுக்கிட்டு நான் இதுலயே உட்கார்றேன். சோதனையில பாஸ் ஆனா போதும்."

சோதனை இதுதான். கார் தீப்பிடித்தால் ஓட்டுபவர் தானாக வெளியேற வேண்டும். முழுக் கவசத்தோடு, வார்கள் மாட்டிய நிலையில் இருந்து, ஐந்து நொடிக்குள் வெளியே வந்து இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும். அதற்கு மேல் போனால் காரைப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள்.

கேப்டன் நிறுத்துக் கடிகாரத்தை அக்கா கையில் கொடுத்தான். அவளுக்குக் கையில் ஏதாவது வேண்டும் என்று நினைத்திருப்பான்.

முதல் தடவை ஏழு நொடி. "ஆமை" என்றான் ஒருவன். "நீ வந்து ஏறிப் பாருடா, தொந்தி மாட்டிக்கும்" என்றாள் அரைப்படி, தலைக்கவசத்துக்குள்ளிருந்து. இரண்டாவது, ஆறரை. ஒவ்வொரு முறையும் இடது பக்கம் அந்த மேட்டில் இடித்து, உடம்பைத் திருப்பித்தான் வெளியே வர முடிந்தது.

மூன்றாவது தடவை பாய்ந்து வந்தாள். காலை ஊன்றியதும் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். எண் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு முடிவு: "நாலே முக்கால்" என்றாள் அக்கா. பட்டறையே கூத்தாடியது. இருக்கை அப்படியே இருந்தது.

இந்த முடிவை நான் அழகாகவே எழுதியிருந்தேன், இரண்டு பக்கம். போட்டியில் வேறு யாராவது கடிகாரம் பிடிப்பார்கள், அப்போது தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரத்தில் அவள் அதை யோசிக்கவில்லை. அவன் சிரித்தது இந்த உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் யோசித்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது அரைப்படி தலைக்கவசத்தைக் கழற்றினாள். நெற்றியெல்லாம் வியர்வை, முடி ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கோ தங்கை. யாரையோ கூப்பிட்டு 'ஏதாவது பேசு' என்று கேட்கக்கூடியவள்.

"ஆறேகால்" என்றாள் அக்கா.

அரைப்படி தலைக்கவசத்தை மேசைமேல் வைத்தாள்.

"முழுசா உடைக்கணுமா, இல்ல அந்த மேடு மட்டும் போதுமா?"

கேப்டன் நிமிர்ந்தான். "மேடு மட்டும் போதும்க்கா. ஆனா..."

"உப்புத்தாள் இருக்கா?"

கொடுத்தார்கள். நான் காருக்குள் பாதி உடம்பைத் திணித்து, முழங்காலில் நின்று தேய்த்தேன். (அவள் என்று எழுதியிருக்க வேண்டும். திருத்தப் போவதில்லை.) முதலில் வரவில்லை, பிறகு மாவு மாதிரி உதிர்ந்தது. எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று கேட்காதீர்கள். அன்று போனில் பேசாமல் விட்ட மீதிப் பதினான்கு நிமிடம் என்று எழுதினால் கதைக்குப் பொருந்தும். பொருந்துகிறது என்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. நான் மணி பார்க்கவில்லை.

நடுவில் அரைப்படி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். "ஏதாவது பேசட்டுமாக்கா?" என்றாள்.

"பேசு."

என் தம்பியைப் பற்றித்தான் பேசினாள். முதல் வருடம் இன்ஜினைப் பிரித்து மாட்டிய பிறகு ஒரு போல்ட் மிஞ்சிவிட்டதாம். யாருக்கும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தானாம். கடைசியில் பார்த்தால் அது வேறு யாரோ சைக்கிளிலிருந்து விழுந்த போல்ட்டாம். எனக்குத் தெரியாத கதை. தேய்க்கிற கை நின்று, நான் சிரித்தேன். இந்தத் தடவை ஆடுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அடுத்த முறை கடிகாரம் கேப்டனிடம் இருந்தது. "நாலு புள்ளி எட்டு" என்றான்.

5

பந்தயத்தை நான் எழுதப் போவதில்லை. போனேன், பார்த்தேன், கத்தினேன். கார் முழு தூரமும் ஓடியதா, போன வருடம் போல் நின்றதா என்பதை உங்களிடம் விடுகிறேன். ஓட வையுங்கள், நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். எனக்கு வேண்டியது அந்தப் பெண் காரிலிருந்து இறங்கி இரண்டு காலால் நடந்து வந்தது. அதை மட்டும் மாற்றாதீர்கள்.

அந்தப் பிள்ளைகள் எதையும் எடை போடாமல் விடுவதில்லை. அன்று நான் உதிர்த்த தூளைக்கூடக் காகிதத்தில் கூட்டி எடுத்துச் சின்னத் தராசில் வைத்தார்கள். பதினோரு கிராம். தகரக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அதன் எடை கிராமில் இருக்கிறது. சக்கரம், தண்டு, வார் என்று ஏதாவது மாறினால் அன்றைக்கே அழித்து எழுதிவிடுவார்கள்.

போன வாரம்கூடப் போயிருந்தேன். எட்டாவது வரியில், தம்பியின் கையெழுத்தில், 'இருக்கை – 1420' என்றுதான் இருக்கிறது.