ஒன்பதாம் மாடியில் ஆறு

1987 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செயின்ட் லூயிஸில் ஒரு படகுச் சரக்கு நிறுவனத்தின் ஒன்பதாம் மாடியில், தலைமை மேலாளரின் அறைக்குள் மிசிசிப்பி ஆறு புகுந்தது. கணுக்கால் அளவு தண்ணீர், கொஞ்சம் சேறு, இரண்டு கெளுத்தி மீன்கள். வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. எட்டாம் மாடிக் கூரையும் நனையவில்லை. மேலாளர் விட்கோம்ப் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறி, மதியத்துக்குள் ராஜினாமா கொடுத்தார்.

அந்த அறைக்கு ஆர்டீலியா பிக்கன்ஸ் மூன்று முறை விண்ணப்பித்திருந்தாள். கறுப்பினப் பெண்; அங்கே பத்தொன்பது வருட வேலை. எந்தப் படகு எந்த வளைவில் தரைதட்டும் என்று வரைபடம் பார்க்காமலே சொல்வாள். மூன்று முறையும் வெளியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மூவருக்கும் அவள்தான் வேலை கற்றுக்கொடுத்தாள். முதல் முறை அனுபவம் போதாது என்றார்கள். பிறகு குரலில் கடுமை என்றார்கள். கடைசியில், அந்தக் கறுத்த சுருள்முடி வாடிக்கையாளர்கள் கண்ணை உறுத்துமாம். இப்போது இயக்குநர்களே அவள் மேசைக்கு இறங்கிவந்தார்கள். "உங்கள விட்டா வேற யாரு இருக்கா, ஆர்டீலியா?"

தபால் பிரிவில் இருந்த அவள் தோழி ஸெனோபியா அன்று சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, முங்கப்போற எடம்னா மட்டும்தான் நம்மளத் தேடி வருவாங்க. உள்ள போகாத."

"தெரியும்டி. காய்ஞ்ச நாற்காலிய நமக்குக் குடுக்கவே மாட்டாங்க. அப்ப நான் எதுலதான் உக்கார்றது?"

புதன்கிழமை உள்ளே போனாள். நான்கு வருடத்தில் சரக்கு இரண்டு மடங்கானது. நல்ல லாபம் வந்த ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஒரு முழம் ஏறியது. இயக்குநர்கள் நடைபாதையில் நின்றே பாராட்டினார்கள். ஆண்டு மதிப்பீட்டில் 'நீர் வற்றவில்லை, நிர்வாகத் திறன் போதாது' என்று எழுதினார்கள். அடுத்த மேலாளராக ஒருவரையும் தேர்ந்துவைத்தார்கள். அவர் மாதமொருமுறை வந்து, கண்ணாடிக் கதவு வழியாக நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துப் போவார். நட்டாற்றில் நிற்பதுபோல் அவளுக்குக் கால் விறைத்தது. ஆனாலும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

ஐந்தாம் வருடம் அக்டோபரில், திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, தண்ணீர் அவள் தலைக்கு மேல் மூடியது. நடைபாதையில் கூட்டம் கூடியது. யாரோ மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். உள்ளே அவள் சரக்குப் பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். மூச்சு விடுகிறாளா என்பதை மருத்துவர் எழுதித்தர மறுத்துவிட்டார். அன்றிலிருந்து தொலைபேசியில் அவள் குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. படகுகள் நேரத்துக்கு வந்தன.

தண்ணீருக்கடியிலிருந்து அவள் முதலில் கையெழுத்திட்டு அனுப்பிய உத்தரவு, ஸெனோபியாவைத் துணை மேலாளராக்கியது. மேசை அதே அறையில்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா, நல்லா யோசிச்சுக்குங்க" என்றார் ஓர் இயக்குநர், கதவருகே.

"தபால் பிரிவுல இருபத்தாறு வருஷமா யோசிச்சாச்சு சார். கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள் ஸெனோபியா.

உள்ளே, அவிழ்ந்த முடி மெல்ல அலைய, ஆர்டீலியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஸெனோபியா காதணிகளைக் கழற்றிக் கைப்பையில் வைத்தாள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மறுநாள் முதல் ஒன்பதாம் மாடிக்குத் தபாலை மெழுகுத்துணியில் சுற்றி, இரண்டு கட்டுகளாக அனுப்பினார்கள்.