அறுந்து போகாத கயிறு

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சின்னப் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு வாருங்கள். காதும் காதும் வைத்தாற்போல் ஒரு புருஷன் பெண்டாட்டி கதை சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், முகம் மட்டும் சுளிக்காதீர்கள்.

அவன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தான். இரும்புக் குழாயோ மரக்கட்டையோ, எதுவானாலும் கயிறு போட்டுக் கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டி, தூக்கு என்று கை காட்டுவான். பதினேழு வருஷத்தில் ஒரு கட்டுகூட நழுவியதில்லை. கூட்டாளிகள் அவனை ‘முடிச்சு’ என்றே கூப்பிட்டார்கள். அவன் மனைவி கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மிளகில் பாதிகூட இல்லாத பல்சக்கரத்தைச் சாமணத்தால் தூக்கி வைப்பாள். தும்மினால் பறந்துபோகிற சாமான்கள்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவள்தான் பேச்சை எடுத்தாள். ஷிபாரி என்று ஒன்று உண்டு, ஜப்பானிலிருந்து வந்தது. மனமொத்த இருவரில் ஒருவர் மற்றவரைக் கயிற்றால் பின்னல் பின்னலாகக் கட்டுவது. அதைப் பற்றி ஒரு புத்தகம் முழுக்கப் படித்திருந்தாள்.

“நாள் பூரா இந்த ரெண்டு கையும் நடுங்காம நானே பிடிச்சு வச்சிருக்கேன். ஒரு மணி நேரம் வேற யாராவது பிடிச்சுக்கிட்டா நல்லா இருக்கும்னு தோணுது.”

“வேற யாராவதா?”

“நீங்கதான்! பின்ன ஊரைக் கூட்டியா கேப்பேன்?”

அவன் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிற்றுக்கடைக்குப் போனார்கள். தரையிலிருந்து கூரைவரை சுருள் சுருளாகக் கயிறு. அவள் நேராகச் சணல் கயிறு இருந்த பக்கம் போய், சுண்டுவிரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்றை எடுத்துக் கழுத்தோரம் தேய்த்துப் பார்த்தாள்.

“சுணை இருக்கு. லேசா நெருப்புல காட்டி, துளி எண்ணெய் தடவி உருவினா மெத்துனு ஆயிடுமாம். வழுக்காது, அதனால இறுக்க வேண்டியதில்லையாம். அவிழ்க்கவும் சுலபம்.”

“இதுவா? இதுல வெங்காய மூட்டை கட்டலாம். எத்தனை கிலோ தாங்கும்?”

கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன கட்டப் போறீங்க தம்பி? சொன்னா நானே பார்த்துத் தருவேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள்.

“அலமாரி,” என்றான் அவன்.

“அலமாரி கட்டுறதுக்கா தங்கச்சி கழுத்துல தேய்ச்சுப் பாக்குது?” என்றாள் அந்த அம்மா, சிரிக்காமலே.

வெட்கம் வந்தால் அவசரமும் கூடவே வந்துவிடும், தெரியுமில்லையா? அவன் தன் கைக்குப் பழகினதை எடுத்தான். மெல்லிய நைலான் கயிறு, பாம்பு மாதிரி வழவழவென்று இருந்தது.

“முந்நூறு கிலோ தாங்கும். நீ ஐம்பத்தெட்டு. உனக்கு எதுக்கு அறுந்து போற கயிறு?” என்று அவள் காதில் சொன்னான்.

அவள் சணலைத் திரும்ப வைத்தாள். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். கட்டு விஷயத்தில் இவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள்.

அன்று மதியம் கூடத்தில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தாள். சட்டைக்கு மேலேதான் கட்டினான், கைகளைப் பின்னால் சேர்த்து. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பத்து வருஷத்தில் அவன் பார்த்ததில்லை. ஆனால் நைலான் நிற்கவில்லை, வழுக்கியது. முழங்கைக்கு மேலே மூன்றாவது சுற்று போட்டான், நாலாவது போட்டான், இழுத்தான்.

“ஏங்க, வலது கட்டைவிரல் பக்கம் சுருசுருங்குது.”

“அசையாதே, நழுவுது. இதை மட்டும் இறுக்கிடறேன்.”

இங்கேதான், என் தங்கங்களே, அவன் தப்பு செய்தான். சரக்கு அசைந்தால் இறுக்கு என்பதுதான் பதினேழு வருஷமாக அவன் கை படித்த பாடம். குழாய் எந்நாளும் அவனிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

“அவிழுங்க. இப்பவே,” என்றாள்.

உடனே கை வைத்தான். மெல்லிய கயிறு, இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. சமையலறைக் கத்தரி நைலானில் வழுக்கியது. கடைசியில் அவள் கடிகாரச் சாமான் பெட்டியிலிருந்த கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு இழையாகக் கடித்து வெட்டினான். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் இருக்கும்.

கயிறு போய்விட்டது. அவள் வலது கையை முன்னால் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து கை தொங்கியது. தூக்கப் பார்த்தாள், தூக்க வரவில்லை. விரலை விரிக்கவும் வரவில்லை.

“விளையாடாதே,” என்றான் அவன். அவள் விளையாடவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா கேட்டாள், “எப்படி ஆச்சு?”

“அது வந்து, நாற்காலி மேல கை போட்டுத் தூங்கிட்டா...” என்று அவன் இழுத்தான்.

“கயிறு கட்டினதுல, டாக்டர். நான்தான் கட்டச் சொன்னேன்,” என்றாள் அவள்.

டாக்டரம்மா புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. நரம்பு அமுங்கியிருக்கிறது என்றாள். பெரும்பாலும் திரும்பி வரும். ஆறு வாரமாகலாம், மூணு மாசமாகலாம், சிலருக்கு முழுசாக வராமலும் போகலாம்.

“அதுவரை நாங்க என்ன செய்யணும்?”

“மணிக்கட்டைத் தாங்க ஒரு பட்டை கட்டி விடறேன், அதைக் கழற்றாதீங்க, பயிற்சி செய்யுங்க, காத்திருங்க.”

“அது தவிர?”

“அது தவிர ஒண்ணுமில்ல.”

அந்த ஒண்ணுமில்லை என்ற சொல்லோடு அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். கடிகாரக் கடையில் அவள் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவன் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டான், தலை பின்னினான்.

“ஊர்ல உள்ள கட்டெல்லாம் தெரியும், மூணு கால் பின்னல் வரல பாரு உங்களுக்கு,” என்று அவள் கேலி செய்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. ஒருநாள் வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம், துணி காயப்போட்ட கொடியையும் சேர்த்து, குப்பைக்கு எடுத்துக்கொண்டு போனான். அவள் வாசலை மறித்தாள்.

“கயிறு மேல எனக்குக் கோபமில்ல. எனக்கு வாங்கப் போயிட்டு, குழாய்க்கு வாங்கிட்டு வந்தீங்க பாருங்க, அங்கதான் வலிக்குது. சுருசுருங்குதுன்னு சொன்னேன், அசையாதேன்னீங்க.”

அவன் கயிற்றுச் சுமையைக் கீழே வைத்தான்.

“போய்ச் சணல் வாங்கிட்டு வாங்க.”

“இன்னுமா உனக்கு ஆசை?”

“எனக்குக் கட்ட இல்ல. முதல்ல உங்களுக்கு.”

கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் அளந்து கொடுத்தாள். அவன் கயிற்றை முழ முழமாக அடுப்புச் சுடரில் காட்டிச் சுணையைப் பொசுக்கினான். துணியில் துளி எண்ணெய் தொட்டு உருவினான். தன் கழுத்தில், தொடையில், முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்த்தான். குத்திய இடத்தை மறுபடி உருவினான். எத்தனை கிலோ தாங்கும் என்ற கணக்கு அவனுக்கு நினைவுக்கே வரவில்லை.

சாயங்காலங்களில் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, லேசாக ஒரு முடிச்சு போட்டு, அவள் முன்னால் நீட்டுவான். இந்த முடிச்சை அந்த வலது கை தானாக அவிழ்க்கிற நாள்வரை அவள் மேல் கயிறு படக்கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

ஒன்பதாவது வாரம் சுட்டுவிரல் ஒரு நூலளவு எழும்பியது. இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். விரல் முடிச்சைத் தொட்டது, வழுக்கியது, மறுபடி தொங்கிவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கும் வரல.”

“இருக்கட்டும்.”

“இடது கையால அவிழ்த்து விடவா?”

“வேண்டாம், நான் இப்படியே இருக்கேன்,” என்றான்.

கட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அந்த உதவாத கையை அதன்மேல் வைத்தாள். இருவருக்கும் வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் கை சட்டென்று நின்றுவிடுகிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். கேட்க வெட்கப்பட்டதையும் கேட்க உங்களுக்கு வாய் வரட்டும், சொல்ல ஆள் வாய்க்கட்டும். உங்கள் வீட்டுக் கைகளெல்லாம் சுகமாக இருக்கட்டும்.